வரம்பைக் கேள்வி கேட்டார். வரம்பை மீறவில்லை: முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்

புது தில்லி: இந்திய சட்டக் கழகக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் விழா 1960-ம் ஆண்டு நவம்பர் 28-ம் தேதி தில்லியில் நடைபெற்றது. அடிக்கல் நாட்ட வந்தவர் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத். பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பதவியில் இருந்தவர். அரசியல் நிர்ணய சபைக்குத் தலைமை தாங்கியவர். சம்பிரதாயமான வாழ்த்துரையை எதிர்பார்த்து வந்த சட்ட வல்லுநர்கள் முன்பு, நாட்டின் மிக உயர்ந்த பதவியைப் பற்றிய மிக அடிப்படையான கேள்வியை அவர் எழுப்பினார்.

இந்தியக் குடியரசுத் தலைவரின் நிலை, பிரிட்டிஷ் மன்னரின் நிலைக்கு ஒப்பானது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் அமைச்சரவையின் ஆலோசனைக்குக் குடியரசுத் தலைவர் கட்டுப்பட்டவர் என்று அரசியல் சாசனத்தில் வெளிப்படையாகச் சொல்லும் பிரிவு எது? மன்னர் பரம்பரை உரிமையால் வருபவர். குடியரசுத் தலைவரோ தேர்ந்தெடுக்கப்படுபவர். அப்படியிருக்க இருவருடைய அதிகாரங்களும் எந்த அளவுக்கு ஒன்று என்பதைச் சட்ட அறிஞர்கள் ஆராய வேண்டும் என்பதே அவரது பேச்சின் சாரம்.

தலைநகரின் அரசியல் வட்டாரங்களில் அந்தப் பேச்சு பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால், அந்தக் கேள்வி அன்றைக்குத் திடீரென முளைத்தது அல்ல என்பது இருவருக்குமே தெரியும். சாசனம் எழுதப்பட்ட நாளிலிருந்தே பிரசாத் அதை மனதில் சுமந்து வந்தார்.

ஜீராதேயியிலிருந்து பாட்னா வரை

பிகாரின் அன்றைய சாரண் மாவட்டத்தில், இப்போது சிவான் மாவட்டத்தில் உள்ள ஜீராதேயி கிராமத்தில் 1884-ம் ஆண்டு டிசம்பர் 3-ம் தேதி பிறந்தார் ராஜேந்திர பிரசாத். தந்தை மகாதேவ் சகாய். தாயார் கமலேஸ்வரி தேவி. அக்கால வழக்கப்படி, ஒரு மௌல்வியிடம் பாரசீக மொழி கற்பதில் அவரது படிப்பு தொடங்கியது. சுமார் 12 வயதிலேயே ராஜவம்சி தேவியுடன் திருமணம் நடந்தது.

சாப்ரா மாவட்டப் பள்ளியில் படித்த அவர், 1902-ல் கல்கத்தா பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதலிடம் பெற்று மாதம் 30 ரூபாய் உதவித்தொகையுடன் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற பின்னர் சட்டம் பயின்று, 1915-ல் முதுநிலைச் சட்டத் தேர்வில் தங்கப் பதக்கம் வென்றார். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கிய அவர், 1916-ல் பாட்னா உயர் நீதிமன்றம் அமைந்ததும் அங்கு மாறினார். வழக்கறிஞராக அவரது வருவாயும் புகழும் வேகமாக உயர்ந்தன.

அந்த வாழ்க்கையை மாற்றியது சம்பாரண். அவுரித் தோட்ட முதலாளிகளின் கட்டாயச் சாகுபடி முறையால் நலிந்த விவசாயிகளின் குறைகளை விசாரிக்க 1917-ல் பிகாருக்கு வந்த காந்திஜி, முதலில் அழைத்துச் செல்லப்பட்டது பாட்னாவில் இருந்த பிரசாதின் வீட்டுக்குத்தான். அப்போது பிரசாத் ஊரில் இல்லை. பின்னர் சம்பாரணுக்குச் சென்று காந்திஜியுடன் சேர்ந்துகொண்ட அவர், விவசாயிகளின் வாக்குமூலங்களைப் பதிவு செய்த வழக்கறிஞர் குழுவில் முக்கியப் பங்கு வகித்தார். ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியபோது வழக்கறிஞர் தொழிலையே கைவிட்டார்.

1934 ஜனவரி 15-ம் தேதி பிகாரைப் பெரும் பூகம்பம் உலுக்கியபோது அவர் சிறையில் இருந்தார். ஓரிரு நாள்களில் விடுதலையானதும் நிவாரணப் பணியில் இறங்கினார். அவரது தலைமையிலான குழு திரட்டிய நிதி, வைஸ்ராயின் நிவாரண நிதியை விஞ்சியது. ஆட்சி அதிகாரம் எதுவும் இல்லாத ஒருவரை நம்பி மக்கள் பணம் கொடுத்தார்கள். அதே ஆண்டில் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1939-ல் சுபாஷ் சந்திர போஸ் விலகியபோதும், 1947-ல் ஆசார்ய கிருபளானி விலகியபோதும், கட்சித் தலைமையின் நெருக்கடியைத் தீர்க்க அழைக்கப்பட்டவர் அவரே. 1942 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளை பாங்கிபூர் சிறையில் கழித்தார். 1946-ல் அமைந்த இடைக்கால அரசில் உணவு, வேளாண் துறைகளைக் கவனித்தார்.

எழுதப்படாமல் விடப்பட்ட வரி

1946 டிசம்பர் 11-ம் தேதி அரசியல் நிர்ணய சபையின் தலைவராகப் பிரசாத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அந்த அவையைப் பொறுமையுடன் நடத்தினார்.

குடியரசுத் தலைவர் பதவி எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவையில் கருத்து வேறுபாடுகள் இருந்தன. மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பேராசிரியர் கே.டி. ஷா வலியுறுத்தினார். அது ஏற்கப்படவில்லை. உண்மையான அதிகாரம் சட்டப் பேரவைக்குப் பொறுப்பான அமைச்சரவையிடம் இருக்கும்போது, கோடிக்கணக்கான வாக்குகளைப் பெற்ற ஒரு தலைவரை அதற்கு மேல் அமர்த்துவது இரு அதிகார மையங்களை உருவாக்கிவிடும் என்பது நேருவின் கருத்து. நாடாளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களும் மாநில சட்டப் பேரவை உறுப்பினர்களும் சேர்ந்து வாக்களிக்கும் மறைமுகத் தேர்தல் முறை அப்படித்தான் வந்தது. குடியரசுத் தலைவர் நாட்டின் தலைவர், ஆனால் நிர்வாகத்தின் தலைவர் அல்லர் என்று வரைவுக் குழுத் தலைவர் டாக்டர் அம்பேத்கர் விளக்கினார்.

ஆனால், நிர்வாக அதிகாரம் முழுவதும் குடியரசுத் தலைவரிடம் உள்ளது என்று 53-வது பிரிவு கூறியது. அவருக்கு உதவவும் ஆலோசனை கூறவும் பிரதமர் தலைமையில் அமைச்சரவை இருக்கும் என்று 74-வது பிரிவு கூறியது. அந்த ஆலோசனையை அவர் ஏற்றே ஆக வேண்டும் என்ற வரி மட்டும் எங்கும் இல்லை. அவைத் தலைவர் இருக்கையில் இருந்தபோதே பிரசாத் இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டினார். மரபு பார்த்துக்கொள்ளும் என்பதே அவருக்குக் கிடைத்த விடை. சாசனம் ஏற்கப்பட்ட 1949 நவம்பர் 26-ம் தேதி ஆற்றிய நிறைவுரையிலும் அவர் இதைக் குறிப்பிட்டார். வெளிப்படையான பிரிவு இல்லாவிட்டாலும், இங்கிலாந்தின் மரபு இங்கும் நிலைபெறும் என்ற நம்பிக்கையை அன்று அவர் தெரிவித்தார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டிய முதல் மனிதராக, இரண்டே மாதங்களில் அவரே ஆனார்.

ராஜாஜியா, பிரசாதா?

முதல் குடியரசுத் தலைவராக ராஜாஜி வர வேண்டும் என்பது நேருவின் விருப்பம். 1948 ஜூன் முதல் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி அப்பதவியிலேயே தொடர்வது இயல்பானது என்று அவர் கருதினார். ஆனால், 1942-ல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் ராஜாஜி கலந்துகொள்ளாததைக் காங்கிரஸ் உறுப்பினர்கள் பலர் மறக்கவில்லை. கட்சியில் பெரும்பான்மையோரின் ஆதரவு பிரசாதுக்கு இருந்தது. வல்லபபாய் படேலின் ஆதரவும் அவருக்கே. இறுதியில் நேரு விட்டுக்கொடுத்தார். 1950 ஜனவரி 24-ம் தேதி ஒரே ஒரு வேட்புமனுதான் வந்தது. அதை முன்மொழிந்தவர் நேரு, வழிமொழிந்தவர் படேல்.

ஜனவரி 26-ம் தேதி காலை 10.18 மணிக்கு இந்தியா குடியரசாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பிரகடனத்தை வாசித்தவர் ராஜாஜி. சில நிமிடங்களில் தலைமை நீதிபதி ஹரிலால் கனியா முன்னிலையில் பிரசாத் பதவி ஏற்றார்.

மோதல்களின் காலம்

பிரதமரும் குடியரசுத் தலைவரும் ஒரே கட்சியில் வளர்ந்தவர்கள். காந்திஜியை வழிகாட்டியாக ஏற்றவர்கள். ஆனால் சமூகப் பார்வையில் இருவரும் இரு துருவங்கள். நேரு நவீனத்துவத்தை விரைவுபடுத்த விரும்பியவர். பிரசாத், மரபில் வேரூன்றிய கிராமப்புற இந்தியாவின் மனநிலையைப் பிரதிபலித்தவர்.

பிகார் நிலச் சீர்திருத்த மசோதா 1950-ல் ஒப்புதலுக்கு வந்தபோது பிரசாத் தயங்கினார். அமைச்சரவை உறுதியாக நின்றதும் கையெழுத்திட்டார். 1951 மே மாதம், புதிதாக எழுப்பப்பட்ட சோமநாதர் கோயிலின் பிரதிஷ்டை விழாவில் அவர் பங்கேற்பதை நேரு விரும்பவில்லை. மதச்சார்பற்ற நாட்டின் தலைவர் அப்படிப்பட்ட விழாவில் கலந்துகொள்வது தவறான பொருள் தரும் என்று நேரு கருதினார். எந்த மதத்தின் வழிபாட்டுத் தலத்துக்கு அழைத்தாலும் தாம் செல்வதுண்டு என்பது பிரசாதின் நிலை. மே 11-ம் தேதி அவர் சோமநாதபுரம் சென்றார். மசோதாவில் கையெழுத்திடுவது ஆட்சிக் கடமை. விழாவுக்குச் செல்வது தனிப்பட்ட உரிமை என்ற வேறுபாட்டை அவர் தமக்குள் வகுத்துக்கொண்டிருந்தார் எனலாம். நாட்டின் தலைவருக்கு அப்படியொரு தனி வாழ்க்கை உண்டா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

மிகப் பெரிய மோதல் ஹிந்து சட்டத் தொகுப்பு மசோதாவில் வந்தது. திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவற்றில் பெண்களுக்கு உரிமை தரும் அந்த மசோதாவை அம்பேத்கர் முன்னின்று நடத்தினார். மக்களின் நேரடி வாக்கைப் பெறாத தாற்காலிக நாடாளுமன்றம், கோடிக்கணக்கான குடும்பங்களின் வாழ்க்கையை மாற்றும் சட்டத்தை இயற்றக் கூடாது. பொதுத் தேர்தல் வரை காத்திருக்க வேண்டும் என்று பிரசாத் வாதிட்டார். 1951 செப்டம்பரில் நேருவுக்கு எழுதிய கடிதத்தில், நாடாளுமன்றத்துக்குச் செய்தி அனுப்புவதிலும், மசோதாவைத் திருப்பி அனுப்புவதிலும், ஒப்புதல் தருவதிலும் தம்முடைய சொந்த முடிவின்படி நடக்க விரும்புவதாகத் தெரிவித்தார்.

நேரு இதை ஒரு மசோதா பற்றிய கருத்து வேறுபாடாகப் பார்க்கவில்லை. நாடாளுமன்ற ஆட்சிமுறைக்கே எழுந்த சவாலாகப் பார்த்தார். சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞரும் வரைவுக் குழு உறுப்பினருமான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரிடமும், அட்டர்னி ஜெனரல் எம்.சி. சீதல்வாடிடமும் கருத்துக் கேட்டார். அமைச்சரவையின் ஆலோசனைப்படியே குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும் என்று இருவரும் தெளிவாகக் கூறினர்.

மசோதா அந்தக் கூட்டத்தொடரில் நிறைவேறவில்லை. சில பிரிவுகளோடு விவாதம் நின்றுபோனது. மனம் கசந்த அம்பேத்கர் அமைச்சரவையிலிருந்து விலகினார். எனவே, குடியரசுத் தலைவர் கையெழுத்திட மறுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அன்று விடை தேவைப்படவில்லை. ஆனால், பிரசாதின் எதிர்ப்பு அந்த மசோதாவின் தாமதத்துக்கு வலுச் சேர்த்த காரணங்களில் ஒன்று என்பதையும், அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் ஹிந்துப் பெண்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

பொதுத் தேர்தலுக்குப் பிறகு அதே சீர்திருத்தங்கள் நான்கு தனிச் சட்டங்களாக 1955, 1956-ம் ஆண்டுகளில் நிறைவேறின. மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் முடிவு செய்துவிட்டது. திருமணச் சட்டம், வாரிசுரிமைச் சட்டம் உள்ளிட்ட நான்கிலும் பிரசாத் கையெழுத்திட்டார். அவரது மனம் மாறியதற்கு அடையாளம் இல்லை. மாறாமலே கையெழுத்திட்டார் என்பதுதான் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது.

கையெழுத்தின் எடை

1952-ல் நடந்த முதல் முறையான குடியரசுத் தலைவர் தேர்தலில் பிரசாத் 5,07,400 வாக்கு மதிப்பு பெற்று வென்றார். அவரை எதிர்த்து 92,827 பெற்றவர், நேரடித் தேர்தல் கோரிய அதே கே.டி. ஷா. 1957-ல் டாக்டர் ராதாகிருஷ்ணனை நேரு விரும்பினார் என்றாலும், கட்சி மீண்டும் பிரசாதையே நிறுத்தியது. இன்றுவரை இரு முறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே குடியரசுத் தலைவர் அவர்தான்.

சாசனம் வழங்கிய ஏறத்தாழ எல்லா அதிகாரங்களும் முதன்முதலில் அவர் பெயரிலேயே பயன்படுத்தப்பட்டன. 1951-ல் பஞ்சாபில் குடியரசுத் தலைவர் ஆட்சி முதன்முறையாக அமலானது. உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கும் 143-வது பிரிவு, தில்லி சட்டங்கள் தொடர்பாக அதே ஆண்டில் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. கேரளக் கல்வி மசோதாவும் அவ்வழியே உச்ச நீதிமன்றம் சென்றது. 1954-ல் பெப்சு மாநில நிதி ஒதுக்கீட்டு மசோதாவுக்கு அவர் ஒப்புதலை நிறுத்திவைத்தார். அது அமைச்சரவையோடு எழுந்த முரண்பாடு அல்ல. மசோதா ஒப்புதலுக்கு வருவதற்குள் அங்கு குடியரசுத் தலைவர் ஆட்சி விலக்கப்பட்டிருந்ததால், மத்திய அரசின் ஆலோசனைப்படியே அவ்வாறு செய்தார்.

1959 ஜூலை 31-ம் தேதி, பேரவையில் பெரும்பான்மை பெற்றிருந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கேரள அரசைக் கலைக்கும் ஆணையிலும் அவர் கையெழுத்து உள்ளது. தாம் விரும்பாத சட்டத்தில் கையெழுத்திட்டது கட்டுப்பாட்டின் அடையாளம் என்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அரசை நீக்கும் ஆணையில் கையெழுத்திட்டது எதன் அடையாளம் என்ற கேள்வி எழுகிறது. மரபுக்குக் கட்டுப்படும் தலைவர், அமைச்சரவையின் நல்ல முடிவுகளுக்கு மட்டுமல்லாமல் தவறான முடிவுகளுக்கும் கட்டுப்படுகிறார். அந்த மரபின் பலமும் பலவீனமும் இதுவே.

எளிமையும் இறுதியும்

சாசனம் நிர்ணயித்த 10,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை மட்டுமே பிரசாத் பெற்றுக்கொண்டார். வைஸ்ராய்களுக்காகக் கட்டப்பட்ட மாளிகையிலும் கதர் உடையும் கிராமத்து வழக்கங்களுமாக வாழ்ந்தார். 1960 ஜனவரி 25-ம் தேதி இரவு, அவர் தாயைப் போல் மதித்த மூத்த சகோதரி பகவதி தேவி காலமானார். மறுநாள் காலை குடியரசு தின அணிவகுப்பு மரியாதையை ஏற்று முடித்த பிறகே, அவர் இறுதிச் சடங்குக்குச் சென்றார்.

1961-ல் அவர் கடுமையாக நோயுற்றபோது, திருத்தணியில் பிறந்த குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் அவரது பணிகளைக் கவனித்தார். 1962 மே 13-ம் தேதி ராதாகிருஷ்ணனிடமே பதவியை ஒப்படைத்துவிட்டு பாட்னாவுக்குத் திரும்பினார். அதே ஆண்டு அவருக்கு பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. அரசு மாளிகை எதையும் நாடாமல், சுதந்திரப் போராட்டக் காலத்தில் வாழ்ந்த சதாகத் ஆசிரமத்துக்கே சென்றார். செப்டம்பரில் மனைவி ராஜவம்சி தேவி மறைந்தார். 1963 பிப்ரவரி 28-ம் தேதி பிரசாதும் காலமானார்.

கேள்விக்குக் கிடைத்த விடை

அவர் எழுப்பிய கேள்விக்கு விடை காண மேலும் பல ஆண்டுகள் ஆயின. குடியரசுத் தலைவர் சாசன வரம்புக்குட்பட்ட தலைவரே என்று 1955-ல் ராம் ஜவாயா கபூர் வழக்கிலும், 1974-ல் ஷம்ஷேர் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியது. 1975 ஜூன் 25-ம் தேதி இரவு, அமைச்சரவை கூடி முடிவெடுக்கும் முன்பே, பிரதமர் இந்திரா காந்தியின் பரிந்துரையை ஏற்று நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு 42-வது திருத்தம், ஆலோசனைப்படியே குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும் என்பதைச் சாசனத்திலேயே எழுதியது. 1949-ல் விடப்பட்ட வரி, 27 ஆண்டுகள் கழித்து இவ்வாறு இடம்பெற்றது. 1978-ல் வந்த 44-வது திருத்தம், ஆலோசனையை ஒரு முறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பும் உரிமையை அளித்தது. மீண்டும் அதே ஆலோசனை வந்தால் ஏற்றாக வேண்டும்.

அந்தச் சிறிய உரிமைக்குள்தான் பின்வந்தவர்கள் தங்கள் தனித்தன்மையைக் காட்டினர். 1986-ல் தபால் மசோதாவில் ஜெயில் சிங் கையெழுத்தும் இடாமல், திருப்பியும் அனுப்பாமல் வைத்திருந்தார். உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவரும் பரிந்துரைகளை கே.ஆர். நாராயணன் முறையே 1997, 1998-ம் ஆண்டுகளில் திருப்பி அனுப்பினார். ஆதாயம் தரும் பதவி குறித்த மசோதாவை 2006-ல் திருப்பி அனுப்பிய அப்துல் கலாம், நாடாளுமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றியதும் கையெழுத்திட்டார்.

ஒப்புதலுக்குக் காலக்கெடு உண்டா என்ற கேள்வி, தமிழக அரசுக்கும் ஆளுநருக்கும் இடையிலான வழக்கின் மூலம் 2025-ல் மீண்டும் எழுந்தது. குடியரசுத் தலைவர் 143-வது பிரிவின்கீழ் கேட்ட கேள்விகளுக்கு, அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் கருத்து வழங்கியது. நீதிமன்றம் காலக்கெடு விதிக்க இயலாது என்று அது கூறியது. சாசனம் பேசாத இடங்களை மரபுதான் நிரப்ப வேண்டியிருக்கிறது என்பதற்கு இது இன்னொரு சான்று.

சட்டத்தில் கட்டாயம் இல்லாத காலத்தில், தமக்கு அதிகாரம் இருக்கலாம் என்று உண்மையாகவே நம்பிய ஒருவர், கடிதம் எழுதினார், வாதிட்டார், பொது மேடையில் கேள்வி எழுப்பினார். ஆனால் நாடாளுமன்றம் முடிவெடுத்த பிறகு ஒரு முறைகூட அதன் குறுக்கே நிற்கவில்லை. அவர் வேறு விதமாக நடந்திருந்தால், குழந்தைப் பருவத்திலேயே இந்தியக் குடியரசு இரண்டு தலைமைகளுக்கு இடையே சிக்கியிருக்கக்கூடும். 1976-ல் சாசனத்தில் எழுதப்பட்ட வரியைத் தமது 12 ஆண்டு நடத்தையால் முன்கூட்டியே எழுதிவிட்டுப் போனவர் ராஜேந்திர பிரசாத்.